பல்லுக்கா வீட்டுப் பரிசோதகர்

கீழ்த்தாடை ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, அதன் பற்களைக் கட்டை விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, "இந்த ஆளு பொய் சொல்லமாட்டான். ஆனா உண்மைய முழுசா சொல்றதுக்குள்ள எழுந்து போயிடுவான்" என்கிறாள் பல்லுக்கா. தாடை சுண்ணாம்பு நிறம். பல் மருத்துவமனை அனுப்பிய அச்சில் ஜிப்சம் மாவு ஊற்றி, செயற்கைப் பல் கட்டுவதற்காக அவளே வார்த்தது. அதன் சொந்தக்காரரை அவள் பார்த்ததில்லை; பார்க்கப்போவதும் இல்லை. காலையில் வரும் அட்டைப்பெட்டியில் வாய்கள் மட்டும் வரும், முகங்கள் வராது. முகத்தை அவள்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

தாராளமாகப் போட்டுக்கொள்கிறாள். முன்பல் ஓரத்தில் சின்ன வெட்டு இருந்தால் ஊசியையோ ஆணியையோ பல்லில் கவ்வுகிற தொழில். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், "இந்தப் பக்கம் மாமியார் உக்காந்திருப்பாங்க, அதான் முகத்த அந்தப் பக்கம் திருப்பியே மென்னிருக்கா." கணிப்பில் பாதிக்குப் பாதி தப்பு. மொழுமொழுவென்று அரைபட்ட கடைவாய்ப் பற்களைக் கண்டு, "இது பயில்வான். தூக்கத்துலயும் மல்லுக்கட்டறான்" என்று ஒருமுறை சத்தியமே செய்தாள். அது நூலகத்தில் புத்தகம் அடுக்குகிற, ஊதினால் பறந்துவிடக்கூடிய ஒரு பெண்மணியின் வாய் என்று பிறகு தெரிந்தது. பல்லுக்கா அசரவில்லை. "அப்ப அந்தம்மா யாரையோ மனசுக்குள்ள தினம் தூக்கிப் போட்டு மிதிக்கறாங்க" என்றாள்.

என் கீழ்வரிசை அவள் கட்டிக் கொடுத்தது. ஆகவே இங்கே நான் எதையாவது கூட்டிச் சொல்லியிருந்தால் பழியில் பாதி அவளைச் சேரும்.

வேலை அறை, சமையலறையை ஒட்டிய முன்னாள் சாமான் அறை. மேசையில் ஸ்பிரிட் விளக்கு, இளஞ்சிவப்பு மெழுகுத் தகடுகள், தாடைகளைக் கவ்வித் திறந்து மூடும் இரும்புக் கருவி, பல் தேய்க்கும் குட்டி மோட்டார். அடுப்பில் ஒரு பக்கம் குக்கர். மறுபக்கம் பித்தளைப் பெட்டிக்குள் பூட்டிய பல்வரிசை வெந்நீரில் வேகும். பசியோடு வீட்டுக்கு வந்த கணவர் ஒருநாள் தப்பான மூடியைத் திறந்துவிட்டு, "இது எப்ப வேகும்?" என்று கேட்டாராம். "வெந்துடும். ஆனா இதுதான் உங்களக் கடிக்கும்" என்றாளாம் இவள்.

கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவர் கை பட்ட லிஃப்ட்டெல்லாம் சமர்த்தாக ஏறி இறங்க, அவர் குடியிருக்கிற எங்கள் கட்டடத்து லிஃப்ட் மட்டும் மூன்றாம் மாடியை நெருங்கும்போது எதையோ மறந்து வைத்துவிட்டு வந்ததுபோல் நின்றுவிடும். கண் மங்கிய, ஆனால் காது கூர்மையான மாமியார் ஒருவர். பள்ளியின் கடைசி வகுப்பில் ஒரு மகள். இவர்களோடு சாப்பாட்டு மேசையில் ஒரு படகுத்துறையும் அதன் சனங்களும்.

அந்தப் படகுத்துறைதான் பல்லுக்காவின் நாவல். மாவு இறுகும் நேரத்தில் ஒரு பத்தி, பல் வேகும் நேரத்தில் ஒரு பக்கம் என்று அது வளர்கிறது. நாயகன் அங்கே பயணச்சீட்டுப் பரிசோதகர். ஊரையெல்லாம் அக்கரைக்கு அனுப்பி வைத்துவிட்டு, தான் மட்டும் ஒருநாளும் படகில் கால் வைக்காதவர். மற்ற பாத்திரங்களுக்கு அட்டைப்பெட்டியில் வந்த பற்களே போதுமானதாக இருந்தன. பரிசோதகருக்கு மட்டும் எந்தப் பெட்டியிலும் வாய் அமையவில்லை. கடைசியில் அவளே மனதுக்குள் கட்டிக்கொண்டாள்: முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து, இடப்பக்கத்துக் கோரைப்பல்லில், பக்கத்துப் பல்லின் தோளில் கை போட்டதுபோல் ஒரு சாய்வு.

மூன்று முறை தொடங்கி மூன்று முறை நின்ற நாவல் இது. முதல் தடவை மகள் வயிற்றில் இருந்தாள். அடுத்த தடவை மஞ்சள் காமாலை. மூன்றாவது தடவை மாமியார் குளியலறையில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டார். "என் இடுப்பு கூடிடுச்சு. அவ கதைதான் கூடல" என்று அந்த அம்மாள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார், ஏதோ தாமே கதையைத் தடுக்கி விழவைத்த மாதிரி. நான்காம் தடவைக்கு ஒரு கெடு வந்தது. சிறிய பதிப்பகம் நடத்துகிற பெண்மணி ஒருவர் பாதி நாவலைப் படித்துவிட்டு, "மழை ஆரம்பிக்கறதுக்குள்ள மீதியக் குடுங்க, இந்த வருஷமே போட்டுடறேன். விட்டா அடுத்து எப்பன்னு எனக்கே தெரியாது" என்றார். அன்றிலிருந்து பல்லுக்கா வானத்தைப் பார்த்த மாதிரி விவசாயிகூடப் பார்த்திருக்கமாட்டான். அவன் மேகம் வரவேண்டும் என்று பார்ப்பான். இவள் வரக்கூடாது என்று பார்த்தாள்.

அன்றன்று எழுதியதை இரவுச் சாப்பாட்டின்போது சொல்லுவாள். மாமியாருக்கு ஒரே குறை. "அந்தப் பரிசோதகன் இன்னைக்கும் சாப்பிடாமத்தான் படுத்தானா? எழுதறதுதான் எழுதற, ரெண்டு வாய் சாப்பிட வெச்சு எழுதினா பேனா தேஞ்சா போயிடும்?"

மகளுக்கு வேறு குறை. "அம்மா, நாளைக்கு எனக்கு என்ன பரீட்சை, சொல்லு பாப்போம்."

"கணக்கு."

"கணக்கு, பரிசோதகர் பொண்ணுக்கு. எனக்கு வேதியியல்."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு காலை, கீழே விழுந்த பல் ஒன்றை எடுக்கக் குனிந்தாள். தரை அவளை எடுக்க மேலே வந்தது. அறை ராட்டினமாகச் சுற்ற, மேசைக்காலைக் கட்டிக்கொண்டு, "யாராவது நிறுத்துங்களேன்!" என்று கத்தினாளாம்.

மருத்துவர் விளக்கினார். காதுக்குள்ளே பொடிக் கற்கள் உண்டு; அவை இடம் மாறிவிட்டன; பயப்பட ஒன்றுமில்லை, தலையைத் திருப்பும் சில பயிற்சிகள் செய்தால் சரியாகும், மறுபடி வந்தாலும் வரும். "ஆனா கொஞ்ச நாளைக்குக் குனியாதீங்கம்மா."

"என் பொழப்பே குனியறதுதான் டாக்டர். பல்லும் குனிஞ்சுதான், கதையும் குனிஞ்சுதான்."

"அப்ப கொஞ்ச நாள் நிமிர்ந்து பொழச்சுப் பாருங்க."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள்: "என் காதுக்குள்ள கல்லு இருக்காம். நீங்க இத்தனை வருஷமா சொன்னதெல்லாம் ஏன் உள்ள போகலன்னு இப்பத்தான் புரியுது."

பேசுகிற ஜாதி இல்லை அவர். ஆனால் அடுத்த விடுமுறை நாளில் சாமான் அறைக்குள் ஏணியோடு போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது வேலை மேசை செங்கல் அடுக்கின் மேல் நெஞ்சு உயரத்தில் நின்றது. கூரைக் கொக்கியிலிருந்து ஒரு கப்பி. கப்பியில் லிஃப்ட் வேலையில் மிஞ்சிய கம்பிக்கயிறு. கயிற்றின் ஒரு முனையில், நிமிர்ந்து நின்றபடி எழுதக் கண்ணுக்கு நேராகத் தொங்கும் பலகை. மறுமுனையில் எதிர்ப்பாரமாக ஒரு சாக்குப்பை. சாக்குக்குள் இவள் தூக்கிப்போட மனமில்லாமல் சேர்த்து வைத்திருந்த பழைய மாவுத் தாடைகள். பேனா இப்படிச் செங்குத்தாக எழுதாது என்பதால் மகள் தடித்த பென்சில்களைச் சீவிச் சீவிக் கொடுத்தாள்.

எழுதிய பக்கங்களைப் பலகையிலேயே கவ்வி வைப்பாள். பக்கம் சேரச் சேரப் பலகை கனத்துக் கீழே இறங்கும். இறங்கினால் கணவர் சாக்கில் இன்னொரு தாடை போடுவார். பலகை மறுபடி கண்ணுக்கு நேரே வந்து நிற்கும். ஆகவே உலகத்திலேயே தாடைக் கணக்கில் அளக்கப்பட்ட நாவல் இது ஒன்றுதான் என்று அடித்துச் சொல்லுவேன். வேலையிலிருந்து வந்ததும் அவர் கேட்பது, "இன்னைக்கு எத்தனை தாடை?"

"முக்கா தாடை. உங்கம்மாவுக்கு மருந்து வாங்கப் போயிட்டேன்."

"நாளைக்கு நான் வாங்கறேன். நீ முழுத் தாடை போடு."

தலைசுற்றல் போய்ப் போய் வந்தது. வந்த நாளில் படுக்கையில் தலையை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று திருப்பிப் பயிற்சி செய்வாள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, "வலது பக்கம் பாரு. பரிசோதகன் என்ன பண்றான்? இடது பக்கம் பாரு. அந்தச் சோம்பேறிப் படகுக்காரன் வந்துட்டானா?" என்று கேட்பார். அப்படியே இரண்டு அத்தியாயம் தேறியது.

பிறகுதான் அந்த வாய் வந்தது. பல்லே இல்லாத வாய். ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவருக்கு மேலும் கீழும் முழு வரிசை கட்ட வேண்டும். நேரான, அணிவகுப்பில் நிற்கிற பிள்ளைகளைப் போன்ற பற்கள் வேண்டுமென்று அவர் கேட்டிருந்தார். மெழுகில் நட்டு அனுப்பி, அவர் வாயில் வைத்துப் பார்த்தபோது எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. திரும்பி வரும் வழியில் பெட்டி எங்கோ இடிபட்டு முன்பற்கள் மட்டும் மெழுகில் ஆடிவிட்டன. அவற்றை மறுபடி நட்டாள். அன்று பலகையில், பரிசோதகர் கதையிலேயே முதல் முறையாகச் சிரிக்கிற பக்கம் நடந்துகொண்டிருந்தது. பென்சிலை வைத்துவிட்டு மெழுகுக் கத்தியை எடுத்தாள். கத்தியை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தாள். எதில் எது கலந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. பல் வெந்தது, பளபளத்தது, பெட்டியில் ஏறிப் போயிற்று. அன்று பல் மருத்துவர் விடுப்பு. உதவியாளர் பெட்டியை ஆசிரியர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

மறுநாள் மருத்துவரிடமிருந்து தொலைபேசி. "அக்கா, அந்த சாருக்கு முன்னாடி நடுவுல சந்து விட்டிருக்கீங்களாமே. அவரா கேட்டாரு?"

பல்லுக்கா பலகையில் தொங்கிய பக்கத்தை ஒருமுறை பார்த்தாள். "அவரு கேக்கல டாக்டரம்மா. இன்னொருத்தரு கேட்டாரு" என்றாள்.

அன்று மதியமே தலைசுற்றலும் வந்து சேர்ந்தது. சுற்றல் நின்றதும் எழுந்து நேராகச் சாமான் அறைக்குப் போனாள். "பல்லு தப்பாப் போனா ஒரு மனுஷன் சாப்பிட முடியாது. கதை நின்னா யாரு பட்டினி?" என்று சொல்லிக்கொண்டே, கவ்வியை நெகிழ்த்தி அத்தனை பக்கங்களையும் ஒரே இழுப்பாக உருவினாள். பாரம் போனதும் பலகை விசுக்கென்று கூரைக்கு ஏறியது. மறுமுனையில் தாடைச் சாக்கு இடியாகத் தரையில் இறங்கியது. கட்டடமே ஒருமுறை பல்லைக் கடித்தது. கீழ்வீட்டுக்காரர் அலறியடித்துக்கொண்டு படியேறி வந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"யாருக்கும் ஒண்ணுமில்லீங்க. ஒரு நாவல் விழுந்துடுச்சு" என்றார் கணவர்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சாப்பாட்டு மேசை ஊமையாகிவிட்டது. மகளின் பரீட்சைகளைப் பல்லுக்கா தேதியோடு ஒப்பித்தாள். மகளுக்கு அதில் சந்தோஷம் இல்லை. மாமியார் தட்டைத் தள்ளி வைத்தார். "அவன் சாப்பிடாமக் கெடக்கறப்ப எனக்கு மட்டும் என்ன?" கணவர் உடைந்த தாடைகளைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார், எதற்கென்று யாரும் கேட்கவில்லை. தென்கிழக்கில் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

நான்கைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம், கட்டடம் முழுக்க விசில் சத்தம். விட்டு விட்டு, கண்டிப்பான, பள்ளி மைதானத்து விசில். சத்தம் லிஃப்ட்டுக்குள்ளிருந்து வந்தது. லிஃப்ட் வழக்கம்போல் மூன்றாம் மாடிக்குச் சற்றுக் கீழே எதையோ யோசித்துக்கொண்டு நின்றது. பல்லுக்காவின் கணவர் கதவை நெம்பித் திறந்து, உள்ளே இருந்த பெரியவரைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

"விசில் கொண்டு வந்தது நல்லதாப் போச்சு சார்."

"கொண்டு வரல. இங்க பல்லு கட்டற அம்மாதான் வாயிலயே வெச்சு அனுப்பியிருக்காங்க" என்றார், மருத்துவமனையில் விலாசம் கேட்டு வந்திருந்த உடற்பயிற்சி ஆசிரியர். அதைச் சொல்லும்போதும் இரண்டு விசில் கேட்டது.

சாமான் அறை வாசலில் நின்று பொரிந்து தள்ளினார். முப்பது வருடம் கழுத்தில் விசில் தொங்கிய மனிதர் அவர். "எதுக்கு ஓய்வு வாங்கினேன்? பேரப்பிள்ளைங்களக் கூப்பிட்டா வரிசையா வந்து அட்டென்ஷன்ல நிக்குது. பக்கத்து வீட்டு நாய் என் பின்னாலயே வருது. பேப்பர் படிச்சா எம்பொண்டாட்டி சிரிக்கறா. நான் கேட்டது நேரான பல்லு."

"தப்பு என்னுதுதான் சார். ரெண்டே நாள்ல புதுசாக் கட்டித் தந்துடறேன்." அவள் குரல் தரையைத் தொட்டுவிட்டு வந்தது. பிறகு, கேட்கலாமா கூடாதா என்று தயங்கி, "நான் கட்டின முழுப் பல்வரிசைய இதுவரைக்கும் ஒரு வாயிலயும் பாத்ததில்ல சார். கழட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ சிரிச்சுக் காட்டறீங்களா?"

"சிரிக்கற மாதிரியா இருக்கு என் நெலம?" என்றார். ஆனால் மைதானத்தில் எத்தனையோ பிள்ளைகளின் அசட்டுக் கோரிக்கைகளைக் கேட்டுப் பழகியவர்தானே. வேண்டா வெறுப்பாக உதட்டை விரித்தார். நடுவே சந்து, தோளில் கை போட்ட கோரைப்பல்.

பல்லுக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை தலை சுற்றவில்லை. "வந்துட்டீங்களா!" என்றாள்.

"யாரு?"

அதற்குள் மாமியார் சுவரைப் பிடித்தபடி வந்து, அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் தன் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். பார்த்தவர் பதறிப்போய், "ஐயோ, படகுத்துறைக்காரரா? உள்ள வாங்க, உக்காருங்க. சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?" என்று கையைப் பிடித்து இழுத்தார்.

ஆசிரியர் மிரண்டு கணவரைப் பார்த்தார். அவரோ, "சாப்பிடாம விடமாட்டாங்க சார்" என்று மட்டும் சொன்னார். உட்கார வைத்து, சூடான சூப்பையும் நெய்யில் வதக்கிய காய்களையும் முன்னால் வைத்து, விஷயத்தை ஆளுக்கு ஒரு பக்கமாகச் சொன்னார்கள். அவர் மென்றுகொண்டே கேட்டார். பல்லில் குறை இல்லை, நன்றாகவே மென்றது.

"சரி. கடைசியில இந்த ஆளு என்ன ஆகறான்?"

"தெரியாது சார். நிறுத்திட்டேன்."

கரண்டியைக் கீழே வைத்தார். "இதென்ன நியாயம்? என்னக் கேக்காம என் வாயில ஒருத்தனக் குடி வெச்சிருக்கீங்க. அவன் யாரு, எங்க போறான்னு வீட்டுக்காரனுக்குத் தெரிய வேணாமா?" விசில் பறந்தது. "முடிவு தெரியாம இந்தப் பல்லக் குடுக்கறதா இல்ல. புதுசக் கட்டுங்க, நல்லது. ஆனா இது என் வாயிலதான் இருக்கும்."

"உங்களுக்குக் கஷ்டமாச்சே சார்."

"அந்தக் கஷ்டம் உங்க தலையிலதான். சீக்கிரம் எழுதுங்க."

அன்று அவர் போனதும் கணவர் ஏணியை எடுத்தார். ஒட்டிய தாடைகள் சாக்குக்குள் போயின.

பிறகு தினமும் மாலையில் தொலைபேசி அடிக்கும். மகள் எடுத்து, காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "அம்மா, விசில் கேக்குது. கதையில இப்ப நான் எங்க இருக்கேன்னு கேக்கறாரு" என்பாள்.

"டிக்கெட் கவுன்டரப் பூட்டிட்டு நிக்கறாருன்னு சொல்லு."

ஒருநாள் சுற்றல் வந்து முழுப் பகலும் போயிற்று. அன்று அவள் படுத்தபடி கண்ணை மூடிச் சொல்ல, மகள் எழுதினாள். இன்னொரு நாள் சாயங்காலத்துக்குள் முடித்தாக வேண்டிய பல்வரிசை இரண்டு. அன்று அரைத் தாடைகூட இல்லை. ஆசிரியருக்கான நேர்ப்பல் வரிசை அதற்கு முன்பே தயாராகி, பெட்டியில் காத்திருந்தது. அதை நட்ட நாள் முழுக்க அவள் பென்சிலைத் தொடவில்லை. கதவில் மகளைக் காவல் வைத்திருந்தாள்.

முதல் தூறல் ஜன்னலைத் தொட்ட பகலில் அவர் வரவழைக்கப்பட்டார். லிஃப்ட்டை நம்பாமல் படியேறி வந்தார். கதை கேட்க நானும் போயிருந்தேன். பல்லுக்கா தொங்கும் பலகைக்கு முன் நிமிர்ந்து நின்று கடைசி அத்தியாயத்தை வாசித்தாள். பரிசோதகர் ஒருவழியாகப் படகில் ஏறுகிறார். ஏறியதும் தூங்கிவிடுகிறார். படகு அக்கரையைத் தொட்டு, ஆள் இறக்கி, ஆள் ஏற்றி, இக்கரைக்கே திரும்புகிறது. விழித்து எழுந்தவர் அதுதான் அக்கரை என்று நினைத்துக்கொண்டு, தன் சொந்தப் படகுத்துறையில் இறங்கி, எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் புது ஊர் மனிதர்களுக்குச் சொல்வதுபோல் பணிவாக வணக்கம் சொல்லிக்கொண்டு நடக்கிறார். எவ்வளவு அழகான ஊர் என்று வியக்கிறார்.

"யாரும் அவன்கிட்ட சொல்லலையா?" என்று கேட்டார் ஆசிரியர்.

"சொல்லல."

"சாப்பாடு?" இது மாமியார்.

"படகுல ஏறினதும் தூக்குல இருந்ததச் சாப்பிட்டுட்டுத்தான் தூங்கினாரு அத்தை."

மாமியார் நிம்மதியாக ஒரு மூச்சு விட்டார். ஆசிரியர் திரும்பி நின்று, கைக்குட்டையில் பல்வரிசையைக் கழற்றி அவளிடம் நீட்டினார். அவள் புதியதை அவர் வாயில் பொருத்தி, கடிக்கச் சொல்லி, வலப்பக்கம் ஓர் உரசலைத் தேய்த்துச் சரிசெய்து, மறுபடி கடிக்கச் சொல்லித் திருப்தியானாள். அவர் தன் பெயரைச் சொல்லிப் பார்த்தார். விசில் இல்லை. எல்லோரும் கை தட்டினோம்.

பதிப்பகத்துக்குப் போகவேண்டிய பக்கங்களைக் கணவர் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக்கொண்டிருந்தார். மழை வலுப்பதற்குள் கிளம்பவேண்டும் என்று அவசரப்படுத்தினார். பல்லுக்கா கேட்டதாகத் தெரியவில்லை. கையிலிருந்த பழைய பல்வரிசையைக் குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்து அலசினாள். மாவும் மெழுகும் படிந்த தன் ஏப்ரனில் சுத்தமான ஓரம் ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தாள். பிறகு, வெளியூருக்குக் கிளம்புகிற பிள்ளைக்கு வாய் துடைத்து விடுகிறவளைப் போல, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு பல்லாகத் துடைத்தாள். நடுவில் பல்லே இல்லாத அந்தச் சந்துக்குள்ளும் துடைத்தாள்.